மெங்குவாங்: பெரிதாக்கிய அணையும் அதை நிரப்பும் ஆறும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தெற்கே இருக்கும் எங்கள் ஊரான நிபோங் திபாலின் பாசாரில் (சந்தையில்) காய் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய தோட்டத்து அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மெங்குவாங் அணையை அவ்வளவு பெரிசா ஆக்கினாங்களே தம்பி, அப்புறம் ஏன் எங்க வீட்டுப் பைப்புல காலையில தண்ணி நூல் மாதிரி வருது?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே ஏதோ இரண்டு வரி பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. 120 கோடி ரிங்கிட் செலவழித்து ஓர் அணையைப் பெரிதாக்கினால், அதன் பயன் அக்காவின் குழாய்வரை வருவதற்கு இடையில் என்னென்ன இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் லயத்து வீட்டுத் தொட்டியில் இருந்து தொடங்குகிறேன். தோட்டத்துக்குச் சொந்தமான மேல்தொட்டியில் இருந்து லயங்களுக்குக் குழாய் வரும். காலையில் பெரட்டு (ஆள்கணக்கு எடுப்பது) முடிந்து ஆட்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். அம்மா தொட்டியையும் இரண்டு தோங்குகளையும் (பீப்பாய்களையும்) நிரப்பிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். ஒரு வருடம் அப்பா குளியல் தொட்டியை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார். வீடே மகிழ்ச்சியில் இருந்தது. ஆனால் குழாய் திறந்திருக்கும் நேரம் மாறவில்லை. அதனால் புதுத் தொட்டி பாதிக்கு மேல் நிறையவே இல்லை. மழைக்காலம் வந்ததும் அப்பா தாழ்வாரத் தகரத்தில் இருந்து ஒரு பாதிக் குழாயைத் தொட்டிக்கு இழுத்துவிட்டார். அப்புறம்தான் அது தளும்பியது. மெங்குவாங் அணையின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

பினாங்கு மாநிலம் மொத்தமே 1,050 சதுர கிலோமீட்டர் அளவுதான். பாதிக்கும் குறைவான நிலம் தீவு; மீதி பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறை. இதற்குள் பெரிய ஆறு எதுவும் பிறப்பதில்லை. மாநிலத்தின் கச்சாத் தண்ணீரில், அதாவது இன்னும் சுத்திகரிக்காத தண்ணீரில், சுமார் 80 விழுக்காடு சுங்கை மூடாவில் இருந்து வருகிறது. அந்த ஆறு பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில் பிறந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக இருந்து கடலில் சேர்கிறது. லாஹார் தியாங்கில் தண்ணீரை எடுத்து, கால்வாய் வழியாக சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலைக்கு விடுகிறார்கள். அங்கே சுத்தமாகும் தண்ணீர்தான் செபராங் பிறை முழுவதும் ஓடுகிறது. கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கும் அதுவே போகிறது. ஜார்ஜ்டவுனில் ஒருவர் குழாயைத் திறந்தால், பெரும்பாலும் அவர் குடிப்பது கெடாக் காட்டில் பெய்த மழை.

தீவில் இரண்டு அணைகள் உண்டு. ஆயிர் ஈத்தாம் 1962-ல் கட்டியது, சிறியது. தெலுக் பஹாங் 1999-ல் வந்தது. 1,900 கோடி லிட்டரைத் தாண்டிக் கொள்ளும். பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம், 1985-ல் கட்டியது மெங்குவாங். முதலில் அது 2,300 கோடி லிட்டர் அளவுக்குக் கொண்டது. 2011-ல் மத்திய அரசின் பணத்தில் விரிவாக்கம் தொடங்கி, 2017 வாக்கில் பணிகள் முடிந்தபோது கொள்ளளவு 8,640 கோடி லிட்டர் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

புதிதாக ஓர் அணை கட்டாமல் இருப்பதையே ஏன் உயர்த்தினார்கள்? முதல் காரணம், மூழ்கடிக்க வேறு பள்ளத்தாக்கு இல்லை. செபராங் பிறையின் சமநிலம் எல்லாம் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தொழிற்சாலையும் வீடமைப்பும். மலையடிவாரம் கொஞ்சம்தான். அதில் நீர்ப்பிடிப்புக்கென ஒதுக்கிக் காத்துவரும் இடம் இன்னும் கொஞ்சம்.

இரண்டாவது காரணம் கணக்கு. பள்ளத்தாக்கு புனல் வடிவத்தில் இருக்கும். அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். தரையில் இருந்து முதல் பத்து மீட்டர் சுவர் எழுப்பினால் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். அதற்கு மேல் இன்னொரு பத்து மீட்டர் எழுப்பினால் பல மடங்கு நிற்கும், ஏனென்றால் மேல்பகுதியில் தண்ணீர் அகலத்திலும் பரவுகிறது, பள்ளத்தாக்கின் நீளத்திலும் பின்னுக்குப் போகிறது. ஒழுங்கான புனலாக வைத்துக்கொண்டால், உயரம் ஒன்றரை மடங்கானால் கொள்ளளவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே அணையின் கடைசி சில மீட்டர்கள்தான் அதிகம் சம்பாதித்துத் தருகின்றன. சிங்கப்பூர் 1969-ல் செலேத்தார் நீர்த்தேக்கத்தைப் பல மடங்கு பெரிதாக்கியதும் 1958-ல் கட்டிய கோலாலம்பூர் கிள்ளான் கேட்ஸ் அணையைப் பிற்பாடு உயர்த்தியதும் இதே கணக்கில்தான்.

மெங்குவாங் செலவையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். கூடுதலாகக் கிடைத்த இடம் சுமார் 6,300 கோடி லிட்டர், அதாவது 6.3 கோடி கன மீட்டர். 120 கோடி ரிங்கிட்டை அதனால் வகுத்தால், ஒரு கன மீட்டர் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு 19 ரிங்கிட் வருகிறது. வீட்டுக் கூரையில் வைக்கும் அதே அளவு பிளாஸ்டிக் தொட்டிக்கு நாம் பல நூறு ரிங்கிட் கொடுக்கிறோம். அணைச் செலவைப் பற்றிக் குறைப்படுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். சேமிப்பு இடமாக மட்டும் பார்த்தால் அது மலிவான வியாபாரம்.

ஆனால் மண் அணையை உயர்த்துவது என்பது மேலே மண்ணைக் கொட்டி மிதித்துவிடுவதல்ல. மெங்குவாங் மண்ணால் ஆன அணை. இப்படிப்பட்ட அணையின் நடுவில், நெருக்கமாக இறுக்கிய களிமண் நெஞ்சு ஒன்று இருக்கும். நீர் கசியாமல் தடுப்பது அதுதான். இருபுறமும் இருக்கும் மண்ணும் கல்லும் அந்த நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும் தோள்கள். உயரத்தைக் கூட்டினால் தண்ணீரின் அழுத்தம் கூடும். ஆழம் 10 மீட்டர் அதிகரித்தால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் எடை கூடுதலாக அழுத்தும். அதைத் தாங்க வெளிப்பக்கச் சரிவை நெடுகிலும் அகலப்படுத்தி, அடியில் இருந்தே புது மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி உருட்டிக்கொண்டு வரவேண்டும். பழைய நெஞ்சோடு புது நெஞ்சு இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் அளவு வழி கிடைத்தாலும் தண்ணீர் அதைப் பெரிதாக்கிவிடும். நம்மூர்க் கண்மாய்க் கரைகளில் நண்டு வளை வழியாக உடைப்பு எடுத்த கதைகளைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்போம், அதே இயற்பியல்தான்.

எந்த மண் அணையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். அதை அடக்கிவிட முடியாது, வழிநடத்தத்தான் முடியும். அதற்காக மணலையும் சரளையையும் வடிகட்டிபோல உள்ளே வைத்து, கசியும் நீரை மண் துகள் இல்லாமல் வெளியே எடுத்து, அளந்துகொண்டே இருப்பார்கள். கசிவு தெளிவாக வந்தால் நிம்மதி. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். கரையை உயர்த்தினால் இந்த வடிகால்களும் நீள வேண்டும். வெள்ள நீர் வழியும் கலிங்கையும் நீர் எடுக்கும் கோபுரத்தையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். சுற்றியுள்ள மலைகளுக்கு நடுவே எங்காவது தாழ்வான கணவாய் இருந்தால் அங்கேயும் கரை கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் உயர்த்திய தண்ணீர் பின்வாசல் வழியாகப் போய்விடும். ஆறேழு ஆண்டுகள் ஆனதில் எனக்கு வியப்பில்லை.

நீர் எடுக்கும் கோபுரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஆழமான நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்காது. மேல்பரப்பு வெயிலில் சூடாகும், பாசி வளரும். அடியில் இருள், குளிர், உயிர்வாயு குறைவு. அங்கே சேற்றில் இருந்து மாங்கனீசும் இரும்பும் கரைந்து வரும். ஆகவே கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் வாய்கள் வைத்து, அன்றைக்கு எந்த அடுக்கு நல்லதோ அதைத் திறப்பார்கள். ஆழம் கூடக் கூட இந்தத் தேர்வும் நுணுக்கமாகிறது. கடைசி வாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

சரி, தொட்டியைப் பெரிதாக்கியாயிற்று. யார் நிரப்புவது?

மெங்குவாங்கின் சொந்த நீர்ப்பிடிப்பு சின்னது. சுற்றியுள்ள சில குன்றுகளில் பெய்யும் மழை மட்டுமே அதற்குள் தானாக வந்து சேரும். அந்த மழையை மட்டும் நம்பினால் 8,640 கோடி லிட்டரை நிரப்புவது நடக்காத காரியம். இது ஆற்றை மறித்துக் கட்டிய அணையல்ல, ஆற்றுக்குப் பக்கத்தில் வைத்த தோங்கு. மழைக்காலத்தில் சுங்கை மூடாவிலும் சுங்கை கூலிமிலும் தண்ணீர் தாராளமாக ஓடும்போது பம்பு வைத்து மேலே ஏற்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வறண்ட மாதங்களில் அதையே கீழே இறக்கி சுங்கை டுவாவுக்குக் கொடுக்க வேண்டும். அப்பா தாழ்வாரத் தகரத்தில் இருந்து இழுத்த பாதிக் குழாய் நினைவுக்கு வருகிறதா? அதுதான் இந்தப் பம்புகள்.

ஏற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரம் தூக்க, இழப்பே இல்லை என்றாலும் 0.11 கிலோவாட் மணி ஆகும். பம்பு, குழாய் இழப்பையும் சேர்த்தால் 0.15 என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க அற்பமாக இருக்கும். கூடுதலாகக் கிடைத்த 6.3 கோடி கன மீட்டரையும் அந்த உயரத்துக்கு ஏற்றினால் 94 லட்சம் யூனிட்டுக்கு மேல். ஆகவே அணையை எப்போதும் தளும்பத் தளும்ப வைத்திருப்பதும் ஒரு செலவு, வறட்சி வந்துவிடுமோ என்ற கவலைக்குக் கட்டும் காப்புறுதிப் பணம்போல. எனக்குக் கேட்டால் அதைக் கட்டத்தான் வேண்டும்.

நிரம்பியிருக்கும்போது அது எவ்வளவு நாள் தாங்கும்? பினாங்கின் தினசரித் தேவை அண்மை ஆண்டுகளில் 85 கோடி லிட்டரைத் தாண்டி நிற்கிறது. ஒரு பேச்சுக்கு 86 கோடி என்று கொள்வோம். ஆறே வற்றி, மெங்குவாங்கை மட்டும் நம்பி மாநிலம் முழுவதும் குடித்தால், 100 நாள். பழைய அணை 27 நாளுக்குக் கூட வந்திருக்காது. உண்மையில் அடித்தண்ணீர் கைக்கு வராது, வெயிலில் ஆவியாவதும் உண்டு, ஆக 100 நாள் என்பது மேல்கணக்கு. ஆனால் ஆறு ஒரேயடியாக வற்றுவதும் இல்லை. பற்றாக்குறையை மட்டும் அணை ஈடுகட்டினால் போதும் என்பதால் நடைமுறையில் அது இன்னும் நீண்ட நாள் தாங்கும். வடக்குத் தீபகற்பத்தில் வறட்சி பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். 27 நாளுக்கும் 100 நாளுக்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பருவத்தின் நடுவில் கைவிரிப்பதா, ஏப்ரல் மழைவரை தாக்குப்பிடிப்பதா என்பதுதான்.

2016-ல் எல் நினோ வறட்சி வந்தபோது கெடாவின் மூடா, பெடு அணைகளின் நீர்மட்டம் மிகவும் இறங்கியது. மெங்குவாங்கில் அப்போது விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்தது. பெரிய தொட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய தொட்டியும் முழுதாகக் கைக்கு உதவாது என்பது அணையை உயர்த்துவதில் இருக்கும் ஆபத்தான இடைக்காலம். இனி எங்காவது இப்படிச் செய்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வறட்சி மட்டுமல்ல, வெள்ளத்துக்கும் அணை உதவுகிறது. அக்டோபர், நவம்பரில் கெடாவில் பெருமழை பெய்தால் சுங்கை மூடா தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். சுத்திகரிப்பு ஆலையில் படிகாரத்தைப் போட்டுக் கலங்கலைக் கட்டியாக்கி, அடியில் படியவிட்டு, மணலில் வடிகட்டிக் குளோரின் சேர்ப்பார்கள். கலங்கல் அளவுக்கு மீறினால் படிவதற்கு நேரம் பிடிக்கும், வடிகட்டி அடைக்கும், ஆலை மெதுவாகும். அந்த மாதிரி நாளில் தெளிந்த அணைத்தண்ணீரைக் கலந்துவிட்டால் ஆலை மூச்சுவிடும். ஆற்றில் மேலே எங்காவது கழிவு கலந்துவிட்டாலும் இதே உதவிதான். தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போதும் அணையைத் திறக்க வேண்டியிருக்கும் என்பது பலருக்குப் புதிராகப்படும்.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மெங்குவாங்கில் நிற்பது கச்சாத் தண்ணீர். அதைக் குடிக்க முடியாது. அது சுங்கை டுவா ஆலைக்குப் போய், சுத்தமாகி, பம்பில் ஏறி, பெரிய குழாய்களில் ஓடி, புக்கிட் மெர்தாஜாம் தாண்டி, சிம்பாங் அம்பாட் தாண்டி, தெற்கே எங்கள் பக்கம் வரவேண்டும். இந்தச் சங்கிலியில் எது குறுகலோ அதுதான் நம் குழாயின் அளவைத் தீர்மானிக்கும், அணை அல்ல.

2024 ஜனவரி 10-ல் தொடங்கிய நான்கு நாள் தண்ணீர் நிறுத்தம் இதற்கு நல்ல சாட்சி. சுங்கை டுவாவில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பழைய வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. 1973-ல் இருந்து இயங்கிவரும் ஆலை அது. ஐந்து மாவட்டங்களிலும் சுமார் 5,90,000 பயனீட்டாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்தது, எல்லாரும் தோங்கு, வாளி, பேசின் எல்லாவற்றையும் நிரப்பினோம். அணையில் அப்போது தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை; நிறுத்தத்துக்குக் காரணம் இரண்டு வால்வுகள். மாற்றியே ஆகவேண்டிய வேலை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் பெரும்பகுதித் தண்ணீர் ஒரே வாசல் வழியாகப் போகிறது என்பதை அந்த நான்கு நாள் எல்லாருக்கும் காட்டிவிட்டது.

குழாயில் 'நூல் மாதிரி' வருவதற்குக் காரணம் அழுத்தம். உயரத்தில் இருக்கும் தொட்டிதான் குழாய்க்கு அழுத்தம் கொடுக்கிறது. தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவரோடு உராய்ந்து அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். ஓட்டம் இரட்டிப்பானால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். காலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் நேரம், தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரம், எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறக்கும். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர் பெரிதாக எதையும் உணரமாட்டார். கோடியில் இருக்கும் ஊர்தான் உணரும். நள்ளிரவில் அதே குழாயைத் திறந்து பாருங்கள், வாளி சீறி நிறையும். இதைச் சரிசெய்ய வேண்டியது பெரிய குழாய்களும் ஊர்ப் பக்கத்து மேல்தொட்டிகளும் இடையில் அழுத்தம் கூட்டும் பம்புகளும்தான்.

எங்கள் பக்கத்தில் தேவையும் வேகமாகக் கூடியிருக்கிறது. பத்து காவான் ஒரு காலத்தில் நம் ஆட்கள் வேலை பார்த்த செம்பனைத் தோட்டம். 2014-ல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு அங்கே தொழிற்சாலை, பெரிய கடை, அடுக்குமாடி என்று ஒரு நகரமே எழும்பியிருக்கிறது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் நிறையத் தேவை. வீட்டிலும் நாம் சிக்கனக்காரர்கள் அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 280 லிட்டர் அளவில் பினாங்கு நீண்ட காலம் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது. போதாததற்கு, ஆலையில் இருந்து புறப்படும் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கசிவிலும் பழுதடைந்த மீட்டரிலும் காணாமல் போகிறது. தேசிய சராசரியை விட இது குறைவுதான். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 20 கோடி லிட்டருக்கு மேல். கூடுதலாகக் கட்டிய 6,300 கோடி லிட்டர் இடத்தை அந்த இழப்பு ஓராண்டுக்குள் விழுங்கிவிடும். மண்ணுக்கடியில் பழைய குழாய் மாற்றுவது யார் கண்ணுக்கும் தெரியாத வேலை, திறப்பு விழாவுக்கும் தோதில்லாத வேலை. அதற்குப் பணம் ஒதுக்குபவர்களைத்தான் நான் பாராட்டுவேன்.

இவ்வளவையும் விட எனக்குக் கவலை தருவது உலு மூடா. சுமார் 1,60,000 ஹெக்டர் காடு. அங்கே பெய்யும் மழை மரத்திலும் சருகிலும் மண்ணிலும் தங்கி, மெதுவாகக் கசிந்து ஆறாக வருவதால்தான் மழை நின்று பல வாரம் கழித்தும் சுங்கை மூடா ஓடுகிறது. காட்டை வெட்டினால் ஆண்டு முழுவதும் ஓடும் மொத்தத் தண்ணீர் உடனே குறைந்துவிடும் என்பதில்லை. அது வரும் விதம் மாறும். மழை நாளில் ஒரேயடியாக, சேறும் மண்ணுமாக. வெயில் நாளில் கொஞ்சம்கூட இல்லாமல். சேறு நிறைந்த நீரை மெங்குவாங்குக்கு ஏற்ற முடியாது. ஏற்றினாலும் அது அணையடியில் படிந்து, பணம் போட்டு வாங்கிய இடத்தையே தின்னும்.

அந்தக் காடு கெடாவில் இருக்கிறது. தண்ணீருக்காக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்கிறது கெடா அரசு. ஆற்றங்கரையில் இருக்கும் மாநிலத்துக்கு ஆற்றில் உரிமை உண்டு, கட்டணம் தரத் தேவையில்லை என்பது பினாங்கின் நிலை. சட்டத்தில் யார் பக்கம் என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு தோட்டத்துப் பிள்ளையாக எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் சொந்தங்கள் பாதிப் பேர் சுங்கை பட்டாணியிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணிக்காரரும் அதே ஆற்றைத்தான் குடிக்கிறார். மூடா, பெடு அணைகளில் இருந்து கெடாவின் நெல் வயல்களுக்குப் பாய்வதும் அதே காட்டுத் தண்ணீர். மரம் வெட்டினால்தான் மாநிலத்துக்கு வருமானம், வெட்டாமல் வைத்திருந்தால் எதுவும் இல்லை என்ற நிலையில் ஒரு மாநில அரசை விட்டுவைத்தால், கோடரி எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான். காட்டை நிற்க வைப்பதற்கு கெடாவுக்கு வருமானம் வரவேண்டும். அது பினாங்கு கொடுக்கும் ஆற்றுநீர்க் கட்டணமாக இல்லாமல், காட்டை வெட்டாத நிபந்தனையோடு மத்திய அரசு கொடுக்கும் இழப்பீடாக இருக்கலாம். 2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்கு சராசரியாக 22 சென் உயர்ந்தது. அதுபோன்ற உயர்வில் ஒரு சில சென் அந்தக் காட்டுக்குப் போகிறது என்று பில்லிலேயே எழுதியிருந்தால், நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். நான் பார்த்த பழைய தோட்டத்து மக்களில் பலரும் கட்டுவார்கள் என்றே நினைக்கிறேன். தண்ணீருக்காகக் காத்து நின்றவர்கள் அவர்கள்.

தோட்டங்களில் குடிநீர்க் குழாய் என்பதே தானாக வந்துவிடவில்லை. இந்த மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கிய நம் முன்னோர் வாய்க்கால் வெட்டி, சதுப்பை வடித்து, சுற்றிலும் தண்ணீர் தேங்கிய நிலத்தில் வாழ்ந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பொதுக் குழாயில் இருந்து போதுமான தண்ணீரைத் தோட்ட நிர்வாகம் இலவசமாகத் தரவேண்டும் என்று தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தெளிவாகச் சொன்னது 1990-ல்தான். அக்காவின் வீட்டில் இன்றைக்கும் பின்கட்டில் இரண்டு நீலத் தோங்குகள் நிற்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மெங்குவாங்கை இன்னொரு முறை உயர்த்தலாமா என்று கேட்டால், தொட்டியை மேலும் பெரிதாக்குவதற்கு முன்னால் இன்னொரு குழாயைத் தேடுவதுதான் அறிவு. சுங்கை மூடா என்ற ஒற்றை ஆற்றை நம்பியிருக்கும் மாநிலத்துக்கு இரண்டாவது ஆறு வேண்டும். அது தெற்கே இருக்கிறது. எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் சுங்கை கிரியான் சிறியது. அதற்கு அப்பால் தெற்கே பக்கத்து மாநிலமான பேராக்கில் 1906-ல் நெல்லுக்காகக் கட்டிய புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் அதைத் தாண்டி சுங்கை பேராக்கும் உள்ளன. கச்சாத் தண்ணீர் தரமாட்டோம், சுத்திகரித்த தண்ணீரை விலைக்குத் தருகிறோம் என்பது பேராக்கின் நிலை. பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. விலையும் பாதையும் கூடிவந்து அந்தக் குழாய் எல்லையைத் தாண்டினால், அது முதலில் நுழையும் பினாங்கு மண் எங்களுடையது. வடக்கிலிருந்து வரும் குழாய்க்கு வாலாக இருக்கும் நிபோங் திபால், தெற்கிலிருந்து வரும் குழாய்க்குத் தலைவாசலாக மாறும். காலை ஆறரைக்கு அக்காவின் வாளி எவ்வளவு வேகத்தில் நிறையும் என்பதை, மெங்குவாங்கின் கரை உயரத்தைவிட அந்தப் பேச்சுவார்த்தைதான் அதிகம் தீர்மானிக்கும்.